மாங்காய்க்குக் கொண்டுவந்த உப்பு

நேற்று உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்திருந்தார். வானூர் கடைத்தெருவில் என் கடையைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் என்று எழுதிய இடத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் அது நான்தான். பழைய நைட்டித் துணியில் சுற்றிய எதையோ மேசைமேல் வைத்தார். பிரிப்பதற்கு முன்பே வாசனை சொல்லிவிட்டது. சால்டரிங் பேஸ்ட் கருகிய வாசனை, அதற்கு அடியில் கடல்காற்றில் ஊறிப்போன பழைய மரப்பெட்டியின் வாசனை. அந்த வீடியோ கேம் பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் போர்டு.

"இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சுங்க" என்றார்.

"வேற எதுனா சொல்லிச்சா?"

"இல்லீங்க. 'அவ பார்த்துடுவா'ன்னு மட்டும் சொல்லிச்சு."

அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் காமாலை முற்றிவிட்டதென்றும், ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டதென்றும் சொன்னார். எனக்குத் தெரியும். நீ போன செய்தியை பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தபோதே கேட்டேன். வரவில்லை. வந்திருந்தால் உனக்கு மாலை போட வேண்டியிருக்கும், நாலு பேர் முன்னால் நாம் எப்பேர்ப்பட்ட சிநேகிதிகள் என்று யாராவது பேச ஆரம்பித்திருப்பார்கள். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. செத்துப்போனவர்கள்மேல் கோபம் வைத்திருக்கக் கூடாதாம், எல்லோரும் சொல்கிறார்கள். நீ செய்த காரியம் உன்னோடு சேர்ந்து போய்விடவில்லையே, நான் என்ன செய்யட்டும்?

நாம் பழகியதே தையல் வகுப்பில் இடம் கிடைக்காததால்தான். சுனாமி அலை வந்த அடுத்த வருஷம், மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ஒரு தொண்டு நிறுவனம் தகர ஷெட் போட்டுத் தொழில் பயிற்சி நடத்தியது. நீ குப்பத்திலிருந்து வந்தாய். வீடு போய், அப்பாவின் படகும் போய், தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடிசையில் இருந்தீர்கள். நான் உப்பளத்திலிருந்து வந்தேன். பாத்திகளில் மண் ஏறிக் கிடந்ததால் கூலி இல்லை. இரண்டு பேரும் தாமதமாகப் போனோம். தையலுக்கு ஆள் நிறைந்துவிட்டது, டிவி ரேடியோ ரிப்பேருக்குத்தான் இடம் இருக்குது என்றார்கள். உள்ளே முழுக்க ஆம்பளைப் பசங்கள். நீ என் முழங்கையைக் கிள்ளி, "வாடி, ஜாக்கெட்டு தைக்கறதுக்கு ரேடியோவே மேலு" என்று இழுத்துக்கொண்டு போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாய். என் வீட்டில் சண்டை போட்டுவிட்டுத்தான் நான் தினமும் வந்தேன். பாத்திகளைச் சரிசெய்து உப்பு வேலை மறுபடி தொடங்கிய பிறகும் கூலியை விட்டுவிட்டு வந்தேன். அதெல்லாம் உனக்குத் தெரியும்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்து சொல்லிக் கொடுத்த சார் பெஞ்சுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒருவர் ஈயத்தை உருக்கி வைத்துப் பற்றவைத்தால் பக்கத்தில் இருப்பவர்தான் அதைச் சரிபார்க்க வேண்டும். வைத்தவரே பார்க்கக் கூடாது. "உன் வேலைய நீ பார்த்தா உன் கண்ணே உனக்குப் பொய் சொல்லும்" என்பார். உனக்கு எப்போதும் அவசரம். பத்து இடத்தில் வேகமாக ஈயம் வைப்பாய், ஓர் இடம் சும்மா ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். டிரை சால்டர் என்பார்கள் அதை. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. நான் ட்வீசர் இடுக்கியால் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து அந்த ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டுவேன். நீ வெட்கமே இல்லாமல், "நீ பார்த்துடுவ இல்ல, அதான் விட்டேன்" என்று சிரிப்பாய்.

அந்தப் பெட்டி வந்த நாள் உனக்கு நினைவிருந்திருக்கும். பாண்டிச்சேரியில் கடற்கரை ஓட்டல் ஒன்றை இடித்தபோது, அங்கே வருஷக்கணக்காக நின்றிருந்த வீடியோ கேம் பெட்டியை மினி லாரியில் ஏற்றி நம் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் உயரம், மரப்பெட்டி, நெஞ்சுக்கு நேரே சாய்ந்த டிவி, அதற்குக் கீழே ஒரு கைப்பிடியும் சிவப்புப் பொத்தான்களும், முழங்கால் பக்கம் காசு போடும் ஓட்டை. பசங்கள் எல்லோரும் ஆளாளுக்குத் தட்டிப் பார்த்தார்கள். சார் அதைக் கடைசிப் பெஞ்சுக்குக் கொடுத்தார். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, நாம் அதிகம் பேசுகிறோம் என்ற தண்டனையாகக்கூட இருக்கலாம். உள்ளே இருக்கும் போர்டு இப்போது எங்கேயும் கிடைக்காது, போனால் போனதுதான் என்று எச்சரித்தார். ஓட வைத்துவிட்டால் சாலையைப் பார்த்த முன் அறையும் கருவிகளும் நம் இருவருக்கு, ரிப்பேர் கடை வைத்துக்கொள்ளலாம், நிறுவனத்தில் பேசிவிட்டேன் என்றும் சொன்னார்.

அன்றைக்கே கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிவிட்டோம், மனசுக்குள். யார் பெயர் முதலில் என்று மூன்று நாள் சண்டை. கடைசியில் உன் பெயர் சின்னது, அதனால் முன்னால் வரட்டும் என்று நான்தான் விட்டுக் கொடுத்தேன்.

ஆரம்பத்தில் நாம் அடித்த கூத்து கொஞ்சமா? பிளக்கைச் செருகினோம், உயிரே இல்லை. ஒரு காலை முழுக்க ஸ்குரூ ஸ்குரூவாகக் கழற்றிப் பெட்டியைக் குடல் எடுத்த மீன் மாதிரி பரப்பி வைத்தோம். சார் வந்து பார்த்துவிட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதே பிளக்கில் செருகினார். ஃபேனும் ஓடவில்லை. சுவரில் இருந்த பாயின்ட்டே செத்துக் கிடந்திருக்கிறது. அன்று பசங்கள் சிரித்த சிரிப்புக்கு நீ ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. ஆனால் அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டோம்: கழற்றுவதற்கு முன்னால் அளந்து பார்.

பிறகு ஃபியூஸ் மாற்றினோம். திரையில் படம் வரவில்லை, குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு வந்தது. படத்தை மேலும் கீழும் விரிக்கிற பக்கத்தில் கோளாறு என்றார் சார். அந்த டிவிக் குழாய் அணைத்த பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கும் என்பதால், அவர் அதன் கரண்டை இறக்கிக் கொடுத்த பின்தான் நம்மைத் தொட விட்டார். நீதான் கண்ணாடியை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தாய். சூடாகும் பாகம் ஒன்றின் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வளையமாக விரிசல். "தோடு போட்ட எடத்துல புண்ணு வந்த மாதிரி இருக்குதுடி" என்றாய். நீ ஈயம் வைத்தாய், நான் இழுத்துப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் அந்தக் கோடு மெல்லக் கண் திறக்கிற மாதிரி விரிந்து, கறுப்பு வானத்தில் நட்சத்திரமும் கீழே ஒரு குட்டிக் கப்பலும் வந்தன. என் வாழ்க்கையில் என் கையால் ஒன்று உயிர்பெற்று வந்தது அதுதான் முதல் தடவை. நீ என் தலையில் கொட்டினாய், சந்தோஷத்தில் உனக்கு அதுதான் வரும்.

ஆனால் அது நிலைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓடும், பிறகு தானாக அணைந்து முதலிலிருந்து தொடங்கும். நாட்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினோம். பவர் சப்ளையில் மீட்டரை வைத்தால் சரியாக ஐந்து வோல்ட் காட்டியது, அதனால் அங்கே குற்றமில்லை என்று மற்றதையெல்லாம் சந்தேகப்பட்டோம். ஒரு நாள் உனக்குத்தான் தோன்றியது, போர்டின் நடுவில் இருக்கும் ஐசி என்கிற சில்லின் காலில் வைத்துப் பார்க்கலாமென்று. நாலரைதான் வந்தது. நீ மீட்டரை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "அஞ்சு அனுப்பறான், நாலரதான் வந்து சேருது. நடுவுல எவனோ திங்கறான்" என்றாய்.

அந்த எவனையும் பிடித்துவிட்டோம். போர்டின் ஓரத்தில் வரிசையாகப் பல் மாதிரி தகடுகள் இருக்கும், அவைதான் சாக்கெட்டுக்குள் போய் உட்காரும். கடற்கரை ஓட்டலில் இத்தனை வருஷம் நின்றதில் அந்தப் பற்கள் கறுத்துக் கிடந்தன. சார் பார்த்தார், பாண்டிச்சேரியிலிருந்து அதற்கென்று இருக்கும் மருந்தை வாங்கி வருகிறேன், அதுவரை ஈரமாக எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள் என்றார். அதற்குள் அவர் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணம் முடிந்ததும் நிறுவனத்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. உனக்கு அதுதான் உறுத்தல்.

அது மாங்காய்க் காலம். நான் எங்கள் பாத்தியின் கல்லுப்பைத் தாளில் பொட்டலம் கட்டி, மிளகாய்த்தூள் கொஞ்சம் தனியாக வைத்து, தினம் கொண்டுவருவேன். கடையில் வாங்குகிற உப்பு வாயில் வைக்க முடியவில்லை, உன் உப்புதான் வேண்டும் என்று நீதான் கேட்டாய். மீதியை நம் பெஞ்சின் டிராயரில் போட்டு வைப்போம்.

சார் சாயங்காலம் ஊருக்குப் புறப்பட இருந்த நாள், காலையில் உப்பளத்தில் ஆள் பற்றாக்குறை என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். வேலை முடித்து மத்தியானம் வந்தேன். ஷெட்டில் நீ மட்டும் இருந்தாய். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, அணையவில்லை. மீட்டரில் ஐசியின் காலில் ஏறக்குறைய ஐந்து. போர்டின் பற்கள் புதுத் தங்கமாக மின்னின. எப்படி என்று கேட்டேன்.

"புளியும் உப்பும். குத்துவெளக்கு தேய்க்கறதில்ல? அதேதான்."

சார் ஈரமே ஆகாதென்று சொன்னாரே, அவர் பஸ் ஏறுவதற்குள் போய்ச் சொல்லிவிடு என்றேன். நல்லாத் துடைச்சுட்டேன், ஓடுதில்ல, அப்புறம் சொல்லிக்கலாம் என்றாய். நீ செய்த காரியம், நீதான் சொல்ல வேண்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். உன்னைக் காட்டிக் கொடுப்பது எனக்கு ஒரு வழியாகவே தோன்றவில்லை. காசு ஓட்டைக்குள் விரலை விட்டு நெம்புகோலைத் தட்டித் தட்டி விளையாடினோம். நான் கப்பலை நகர்த்துவதற்குள் செத்துப் போவேன், நீ என் கையைத் தள்ளிவிட்டுச் சுடுவாய். உன் முகத்தில் அந்தத் திரையின் பச்சை வெளிச்சம். அலைக்குப் பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த மத்தியானத்தை மட்டும் என்னால் வெறுக்க முடியவில்லை, எவ்வளவோ முயன்றுவிட்டேன்.

ஒரு வாரம் ஷெட் பூட்டிக் கிடந்தது. திறந்த அன்று நிறுவனத்து ஆட்களும் வந்து நின்றார்கள். பெட்டி ஓடுகிறது என்று மட்டும் நீ சொல்லியிருக்க வேண்டும், சார் மலர்ந்த முகத்தோடு சுவிட்சைப் போட்டார். திரை முழுக்க உடைந்த எழுத்துகள், பிறகு ஒன்றுமில்லை. போர்டை உருவினார். பற்களிலிருந்து முதல் வரிசை ஐசிகள் வரை பச்சைப் பொருக்கு ஏறி, செம்புக் கோடுகளை அரித்துவிட்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். எந்தப் பயலிடமும் கேட்காமல் நேராக நம் பெஞ்சுக்கு வந்து டிராயரை இழுத்தார். நீர்விட்டுக் கசிந்துபோய் என் உப்புப் பொட்டலம் கிடந்தது.

"யாரு?" என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். சொல்லிவிடுவாய் என்றுதான் நின்றேன். நீ சால்டரிங் அயர்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"அவதான் சார். உப்பளத்துல இருந்து வர்றவ, உப்பு எப்பவும் அவகிட்டதான் இருக்கும்."

குரல்கூட நடுங்கவில்லை. அதைத்தான் நான் பல வருஷம் திரும்பத் திரும்பக் கேட்டேன். பயத்தில் உளறிவிட்டாய் என்றால் ஒரு மாதிரி. நீ காரணத்தோடு சொன்னாய், நம்பும்படி சொன்னாய். உனக்காக நான் கட்டிக்கொண்டு வந்த பொட்டலத்தையே சாட்சிக்கு வைத்தாய். இல்லை சார், இவள்தான் என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. ஆனால் நீ அப்படிச் சொன்னாய் என்பதிலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று, வந்தவர்கள் பார்க்க, சார் சொன்னார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். நீ பின்னால் ஓடி வருவாய் என்று பஸ் வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஷெட்டு வாசலில் யாரும் இல்லை.

உன் நிலைமை எனக்குத் தெரியாதா? வீடில்லை, படகில்லை, அந்த அறையை விட்டால் உனக்குப் போக்கில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். முதல் பெயரை விட்டுக் கொடுத்தவள், முழுப் பெயர்ப்பலகையையும் விட்டுக் கொடுத்திருப்பேன். என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளாமல் என் முதுகில் குத்தி எடுத்துக்கொண்டாய், அதுதான் ஆறவில்லை.

நான் மறுபடியும் பாத்திக்குப் போனேன். உப்பு வாருவதைப் பற்றி உனக்குச் சொன்னால் புரியாது, நீ மாங்காயோடு தின்றவள்தானே. வெயில் மேலே இருந்தும் வரும், வெள்ளையிலிருந்தும் வரும். காலில் வெடிப்பு இருந்தால் ராத்திரி தூக்கம் கிடையாது. பெட்டி செத்தது உன் குற்றமில்லை என்று அறையை உனக்கே கொடுத்துவிட்டார்கள்; கூனிமேட்டுப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் முன் அறையில் உன் கடை தெரியும். பெயர்ப்பலகையில் உன் பெயர் மட்டும். வாசலில் அந்தப் பெட்டி செத்து நிற்கும், பிள்ளைகள் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். நான் பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

ஒரு தடவை பெருமுக்கல் மலைமேல் கோயிலில் நேருக்கு நேர் வந்துவிட்டாய். கையில் குழந்தை. "எப்படி இருக்க?" என்றாய், போன வாரம் பார்த்தவள் மாதிரி. "இருக்கேன்" என்றேன். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைத்திருக்காது, சுற்றிலும் காற்றைத் தவிர யாருமில்லை. நீ குழந்தையின் சட்டையைச் சரி செய்தாய். நான் படி இறங்கிவிட்டேன்.

பிறகு நானும் தொழிலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய மீட்டர் வாங்கி வந்து கொடுத்தார். அக்கம்பக்கத்து மிக்சிகளைக் கெடுத்தும் திருத்தியும் கற்றுக்கொண்டேன். கடை நன்றாகத்தான் போகிறது. பங்குக்கு வருகிறோம் என்று கேட்டவர்கள் உண்டு, நல்ல வேலைக்காரிகள். எல்லோருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். என் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். ஈயம் வைத்ததும் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு, வேறு யாரோ செய்த வேலை மாதிரி வந்து இழுத்துப் பார்ப்பேன். அது போதாது என்று எனக்கே தெரியும்.

நேற்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு உன் போர்டை விளக்குக்குக் கீழே வைத்தேன். பச்சையைப் பொட்டு விடாமல் சுரண்டியிருக்கிறாய். அரித்துப்போன ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மயிர் மாதிரி செம்புக் கம்பி இழுத்து, இரண்டு நுனியிலும் ஈயம் வைத்திருக்கிறாய். சில இடத்தில் ஈயம் பழசாக மங்கியிருக்கிறது, சில இடத்தில் புதுசு. ஒரு நாள் வேலை இல்லை, வருஷக்கணக்கில் கிடைத்த நேரத்தில் செய்தது. அதைச் செருக இனி பெட்டியே கிடையாது, மரம் கரையான் பிடித்து விறகாகிவிட்டது என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். ஆக, ஓட்டுவதற்காக நீ இதைச் செய்யவில்லை.

அதனால் என் கோபம் இறங்கிவிட்டதாக நினைக்காதே, ஏறியது. நீ கெடுத்ததென்று உனக்கு இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, இத்தனை வருஷம் குனிந்து உட்கார்ந்து இந்தப் போர்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாய். உன் கடையிலிருந்து என் கடைக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். 'நான்தான்டி' என்று ஒரு சொல். அதற்குக் கம்பியும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். போர்டுக்குக் கொடுத்த பொறுமையில் ஒரு நாளை எனக்குக் கொடுத்திருக்கலாம்.

மீட்டரை எடுத்து ஒவ்வொரு கம்பியாக இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் வைத்துப் பார்த்தேன். இணைப்பு இருந்தால் மீட்டர் கத்தும், வரிசையாகக் கத்தியது. உன் கை இவ்வளவு தேறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கடைசி வரிசையில், மூலையில், ஒரு கம்பி மட்டும் கத்தவில்லை. ட்வீசரால் மெல்ல இழுத்தேன். வெளியே பளபளவென்று இருந்த ஈயத்திலிருந்து கம்பி கழன்று கையோடு வந்துவிட்டது.

விட்டுப்போனதா, விட்டு வைத்தாயா என்று கேட்க எனக்கு இனி ஆள் இல்லை. உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து சொன்ன 'அவ பார்த்துடுவா' என்ற அந்த இரண்டு வார்த்தையும் அப்போது காதில் விழுந்தது. அதை மன்னிப்புக் கேட்டதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மன்னிப்புக் கேட்பவர்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

ஆனால் டிரை சால்டரைப் பார்த்துவிட்டு அப்படியே விட எனக்குக் கை வராது, அது உனக்குத் தெரியும். அயர்னைச் சூடு பண்ணினேன். கம்பியைச் சுரண்டி, பேஸ்ட் தொட்டு, அந்த மூலையில் ஈயம் வைத்தேன். புகை அடங்கியதும், பழைய பெஞ்சுப் பழக்கத்தில், போர்டைப் பக்கத்தில் இருந்த காலி ஸ்டூல் பக்கமாக நகர்த்தினேன். நான் வைத்ததை நீதானே இழுத்துப் பார்க்க வேண்டும். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.